பழைய ஆண்டகைக்குத் தெரிந்த பெயர்கள்

கத்தோலிக்க ஆயர் ஒருவர் 75 வயதை எட்டியதும் திருத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வயது வந்துவிட்டது, பொறுப்பிலிருந்து விடுவித்தருளுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் போன கையோடு ஒன்றும் நடந்துவிடாது. சில மாதங்கள் போகலாம், ஓரிரு வருடங்களும் போகலாம். அதுவரை யாழ்ப்பாணத்தில் குருநகரிலும் பாசையூரிலும் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் மதிலோரம் நின்று, அடுத்த ஆண்டகை, அதாவது ஆயர், ஆர் என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருநாள் உரோமையில் நண்பகல் ஆகும்போது, நமக்குப் பின்னேரத்தில், பெயர் வெளியே வரும்.

2015 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒரு பின்னேரம் வந்தது. தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகையின் பணி விலகலைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றுக்கொண்டார். ஆயருக்கு அடுத்த பொறுப்பான குருமுதல்வராக இருந்த ஜஸ்ரின் பேணாட் ஞானப்பிரகாசம் அடிகளார் புதிய ஆயர் என்று அறிவிக்கப்பட்டது. புதியவரும் நம்மவர், எல்லோருக்கும் பழக்கமானவர். ஊர் முழுக்கச் சந்தோசம்.

அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவருடைய மகன் 2006இல் வீட்டை விட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. அம்மா போகாத இடமில்லை. ஆயர் இல்லத்துக்கும் கடிதத்தோடு போனவர். "பழைய ஆண்டகைக்கு என்ரை பெடியன்ரை பேர் தெரியும் தம்பி. புதுசா வாறவருக்கு ஆர் சொல்லுறது?" என்றார். நான் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

ஓர் ஆயரை வரவேற்பதையும் இன்னொருவரை வழியனுப்புவதையும் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஆயர் ஓய்வு பெறுவது என்பதே நமக்குப் புதிய பழக்கம். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல்தான் 75 வயதுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆயர் என்றால் பெரும்பாலும் சாகும்வரை ஆயர். முதலில் வந்த ஒறாசியோ பெத்தாக்கினி தொடக்கம் யாழ்ப்பாணத்து ஆயர்களின் பழைய பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். 1893இல் பொறுப்பேற்ற ஹென்றி யூலன் ஆண்டகை 1919இல் பதவியில் இருக்கும்போதே கண்ணை மூடினார். 1950இல் வந்த எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை, யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த முதல் தமிழ் ஆயர், 1972இல் இறக்கும்வரை இருந்தார். ஆக, மக்கள் அன்று புதிய ஆயரை வரவேற்றது பழையவரின் கல்லறை ஈரம் காய்வதற்குள். விடைபெறும் ஆயரைக் கதிரையில் இருத்தி, முகத்தைப் பார்த்து நன்றி சொல்லும் வாய்ப்பு அந்தத் தலைமுறைகளுக்கு அநேகமாக இருக்கவில்லை.

75 வயதுச் சட்டத்தின்படி யாழ்ப்பாணத்தில் முதலில் ஓய்வுக்குப் போனவர் தியோகுப்பிள்ளை ஆண்டகை. 1992. அந்த வருடத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு, மெழுகுதிரிக்குக்கூடத் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, அதில் றேடியோச் செய்தி கேட்ட காலம். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தது. தெற்கே போக வேண்டியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலேரியைப் படகில் கடந்தார்கள். அந்த இருட்டுக்குள்தான் ஒருவர் விடைபெற, மன்னாரின் முதல் ஆயராக இருந்த சவுந்தரநாயகம் ஆண்டகை பொறுப்பேற்றார்.

சரி, வரவேற்புக்கு வருவோம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வரவேற்பு நமக்கு நன்றாகவே வரும்.

முதல் கிழமையிலேயே விழாக்குழு கூடிவிடும். மரியன்னை பேராலயத்துக்கு வரும் வீதிகளில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடிகள் ஏறும். குலையோடு வாழை வெட்டிக் கட்டுவார்கள். தோரணத்துக்குத் தென்னோலை கிழிக்கத் தெரிந்த கிழவர்களைத் தேடிப் பிடித்து இருத்திவிடுவார்கள், பெடியள் சுற்றிவர நின்று பழகுவார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, பூத்தட்டோடு சின்னப் பிள்ளைகள். ஒரு பக்கம் பாடசாலை பாண்ட், இன்னொரு பக்கம் நாதஸ்வரமும் தவிலும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள சபைகளில், இருந்து வருகிறவர்கள் விடியப்புறமே பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் மறைமாவட்டம் அவ்வளவு தூரம் விரிந்தது, யாழ்ப்பாணப் பட்டினம் மட்டுமல்ல என்பது அன்றைக்குத்தான் பலருக்குக் கண்ணால் தெரியும். வெயிலில் வாடி வந்த வன்னி ஆச்சிமார் பந்தலுக்குள் இடம் தேடும்போது, பட்டினத்தார் எழும்பி இடம் கொடுக்கிறார்களா என்று நான் பார்ப்பேன். பலர் கொடுப்பார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது வீதிக் கோலாகலம் அல்ல. உள்ளே நடக்கும் சடங்கு.

ஒரு குருவை ஆயராக்கும் திருநிலைப்படுத்தல் திருப்பலியைக் கிட்ட இருந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். முதலில் திருத்தந்தையின் நியமன மடலை வாசிக்கிறார்கள். சனம் "இறைவனுக்கு நன்றி" என்கிறது. பிறகு கேள்விகள்: விசுவாசத்தைக் காப்பீரா, ஏழைகளுக்கும் அந்நியருக்கும் இரக்கம் காட்டுவீரா, சிதறிய ஆடுகளைத் தேடிப் போவீரா. ஒவ்வொன்றுக்கும் அவர் மறுமொழி சொல்ல வேண்டும். அதன் பின் அவர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்க, புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படுகிறது. அத்தனை பெரிய ஆலயத்தில் எல்லோரும் முழந்தாளில். பாட்டு முடிந்ததும் அவர் எழும்பி முழந்தாளிடுகிறார். தலைமை தாங்கும் ஆயர் வந்து இரண்டு கைகளையும் அவர் தலையில் வைக்கிறார். ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு அடுத்த ஆயர், அதற்குப் பிறகு அடுத்தவர், வந்திருக்கும் ஆயர்கள் எல்லோரும். கை வைக்கும்போது சிலர் நன்றாக அழுத்தி வைப்பார்கள், சிலர் தொட்டும் தொடாமலும் வைப்பார்கள். அப்புறம் விரித்த நற்செய்தி நூலை இரண்டு தியாக்கோன்மார், திருத்தொண்டர்கள், அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க, திருநிலைப்படுத்தும் மன்றாட்டுச் சொல்லப்படுகிறது. மன்றாட்டு நீளமானது. பிடித்திருக்கும் இளம் கைகள் மெல்ல நடுங்கும். அந்தப் புத்தகத்தின் கீழே குனிந்திருக்கும் தலையைப் பார்க்கும்போது, இந்த மனிதர் இனித் தன் சொந்தச் சொல்லைச் சொல்ல வரவில்லை என்பது விளங்கும்.

பிறகு தலையில் கிறிஸ்மா என்னும் புனித தைலம். நெற்றிவரை வழியும், துடைப்பார்கள். நற்செய்தி நூல் கையில் கொடுக்கப்படும். மோதிரம், ஆயருக்குரிய மகுடம், கடைசியில் கோல். தன் சொந்தப் பேராலயத்தில் திருநிலை பெறுகிறவரை அப்படியே கூட்டிக்கொண்டு போய் ஆயருக்குரிய ஆசனத்தில் இருத்துவார்கள். அப்போதுதான் கைதட்டல் கூரையைப் பிளக்கும். முடிவில் நன்றிப் பாடலின்போது அவர் கோலோடு சனத்தின் நடுவே நடந்து போய் ஆசீர்வதிப்பார். எட்டி மோதிரத்தை முத்தி செய்யப் பார்க்கிறவர்கள், கைக்குழந்தையை உயர்த்திப் பிடிக்கிறவர்கள், போன் பிடித்துப் படம் எடுக்கிறவர்கள்.

இந்த நேரத்தில் விடைபெறும் ஆயர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். பீடத்தில்தான், ஒரு பக்கமாக.

அடுத்த நாள் காலைப் பூசையில் இன்னொரு மாற்றம் நடக்கும். நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரோடு மறைமாவட்ட ஆயரின் பெயரையும் சொல்லி வேண்டுவது வழக்கம். நெடுந்தீவிலும் மாதகலிலும் முல்லைத்தீவிலும் எந்தச் சின்னக் கோவிலிலும் அந்தப் பெயர் தினமும் ஒலிக்கும். புதியவர் பொறுப்பேற்ற நாளில் இருந்து அங்கே புதிய பெயர். எங்கள் பங்கில் ஒரு வயதான சுவாமி சில நாட்கள் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, பிறகுதான் பெயரைச் சொல்வார். இருபது வருடத்துக்கு மேல் நாவில் பழகிய பெயர் அல்லவா.

இப்போது வழியனுப்புவதற்கு வருகிறேன். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

விழா மேடையில் என்ன நடக்கிறது? பொன்னாடை. மாலை. வாழ்த்துப்பா வாசிப்பு, அதைச் சட்டம் போட்டுக் கொடுத்தல். பல பங்குகள் சேர்ந்த ஒவ்வொரு மறைக்கோட்டமும் ஒரு பொன்னாடை, ஒவ்வொரு சபையும் ஒரு பொன்னாடை. பின்னால் நிற்கும் இளம் குரு ஒருவர் அதை எடுத்து மடித்து வைக்க, அடுத்தது வந்துவிடும். பேச்சுகள் எல்லாவற்றிலும் அதே சொற்கள்: அன்பானவர், எளிமையானவர், தூரநோக்குக் கொண்டவர். சிறப்பு மலரைப் பிரித்தால் முதல் ஐம்பது பக்கமும் வாழ்த்துச் செய்திகள். எதுவும் பொய்யில்லை, எல்லாம் அன்பினால் செய்கிறதுதான். ஆனாலும் ஓர் ஆயர் என்ன பார்த்தார், என்ன கேட்டார், எந்த இரவில் யார் வந்து அவர் கதவைத் தட்டினார்கள் என்று அந்த மலரில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது.

1992 முதல் 2015 வரை யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த ஒருவர் கண்டவற்றைச் சும்மா வரிசைப்படுத்தினாலே நெஞ்சு கனக்கும். 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமம் பகுதியே ஓரிரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லாமல். 2006 ஓகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவரோடு போன விமலதாசும் காணாமற்போனார்கள். 2009 மே மாதம், போரின் கடைசி நாளில், சரணடைந்தவர்களோடு நின்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், அதன் பிறகு காணப்படவேயில்லை. இந்த இரண்டு அடிகளாரும் ஆயருடைய சொந்தக் குருக்கள். இதற்கு முன் மன்னாரில் ஆயராக இருந்த காலத்திலேயே, 1985 ஜனவரியில், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டிருந்தார்.

இவை வெளியே தெரிந்தவை. ஆயர் இல்லத்துக்குத் தகப்பன் ஒருவர் வருகிறார், தாய் ஒருத்தி வருகிறாள், கையில் அடையாள அட்டைப் பிரதியும் ஒரு படமும். இராணுவ முகாமில் விசாரிக்கச் சொல்கிறார்கள், செஞ்சிலுவைக்கு எழுதச் சொல்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டும் வரவில்லை. சைவச் சனமும் வந்தது. எழுதக்கூடிய கை, கேட்கக்கூடிய வாய் என்று ஊரில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வாசல்தான் என்று பலர் நினைத்த காலம். அப்படி வந்தவர்களின் முகங்கள் ஆயரின் நினைவில் இருக்கும். கடிதப் பிரதிகள் எங்காவது அலுமாரியில் இருக்கும். கடிதத்தில் இல்லாதவை நினைவில் மட்டும் இருக்கும். பாவசங்கீர்த்தன இரகசியத்தை நான் சொல்லவில்லை. அது கடவுளுக்கும் அவருக்கும் உரியது. வாசலில் வந்து சொல்லிப் போனதைச் சொல்கிறேன்.

நம்முடைய ஊரில் எழுதி வைத்ததே எரிந்து போயிருக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிந்த இரவில், பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்த நெருப்பைப் பார்த்த தாவீது அடிகளார், பன்மொழி அறிஞர், அதிர்ச்சியில் உயிர்விட்டார். எழுதியதற்கே அந்தக் கதி என்றால், எழுதாததற்கு என்ன கதி?

பழைய குருமார் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். 1840களின் கடைசியில் வந்து சேர்ந்த அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையார் பங்குகளில் குறிப்பேடு எழுதினார்கள். இன்ன திகதியில் மழை, இன்ன ஊரில் கொள்ளைநோய், இத்தனை ஞானஸ்நானம், இன்னாரோடு கோவில் காணித் தகராறு. பொஞ்சீன் ஆண்டகை காலத்தில், 1876இல், பத்திரிகையே தொடங்கினார்கள். பாதுகாவலன் என்றால் இன்றும் நம் வீடுகளில் தெரியும். அவர்கள் எழுதியதில் நமக்கு ஒவ்வாத பார்வைகளும் உண்டு. ஆனாலும் அந்தப் பக்கங்கள் இருப்பதால்தான் எந்தக் கோவிலை ஆர் கட்டினார்கள், எந்த வருடம் கடல் பொங்கியது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. போர்க்காலத்து முப்பது வருடத்துக்கு அப்படி ஒரு குறிப்பேடு நம்மிடம் முழுதாக இல்லை. எழுத வேண்டியவர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள், குறிப்பேடுகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன, சில வழியில் தொலைந்தன.

அதனால்தான் ஓய்வு பெறும் ஆயருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அவரிடம் போய் இருந்து கேட்பது என்று நினைக்கிறேன். திருச்சபைச் சட்டம் அவருக்கு ஓய்வுநிலை ஆயர் என்ற பட்டத்தையும், விரும்பினால் மறைமாவட்டத்திலேயே வாழும் உரிமையையும் கொடுக்கிறது. அவர் எங்கும் போய்விடவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறார். இனிக் கூட்டங்கள் இல்லை, கையெழுத்துகள் இல்லை. தேத்தண்ணியோடு ஒரு பின்னேரம் இருந்து, 1995 ஒக்டோபரில் நீங்கள் எங்கே நின்றீர்கள் ஆண்டகை என்று கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். வரலாறு படித்த பிள்ளைகள் நம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். குருமடத்தில் நாளைய குருக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆவணக் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்ததை வைக்க இடம் தேட வேண்டியதில்லை. வெளியிட வேண்டியதை வெளியிடலாம், முப்பது வருடம் பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டி வைக்கலாம். எழுதாமல் விட்டால் அந்தத் தெரிவுகூட நமக்கு இல்லை.

புதியவரை வரவேற்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆயர் ஐந்து வருடத்துக்குள் மறைமாவட்டம் முழுவதையும் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய கடமை. பங்குக்கு ஆயர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? கோவிலுக்கு வெள்ளை அடிக்கிறோம், குழிகளுக்கு மண் போடுகிறோம், பாட்டுப் பழகுகிறோம். அவர் வரும்போது எல்லாம் வடிவாக இருக்கும், எதுவும் தெரியாது. எனக்கென்றால் வரவேற்பு உரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைச் சனத்திடம் கொடுக்க விருப்பம். கரையோரப் பங்கில் இந்திய இழுவைப் படகு அறுத்த வலையைக் கொண்டுவந்து காட்டட்டும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இந்திய, இலங்கை என்ற இரண்டு கரைச் சனமும் ஒரே பூசையில் முழந்தாளிடுகிறது. அந்தத் தீவும் எங்கள் ஆயரின் பொறுப்பில்தான் இருக்கிறது. கடலில் எதிரும் புதிருமாக நிற்கிறவர்களை ஒரே பந்தலில் பார்க்கிற ஆயருக்கு இரண்டு பக்கத்துக் கதையும் தெரிய வேண்டும். போர்க்காலத்தில் இராணுவம் காணிகளை எடுத்துக்கொண்ட மயிலிட்டிப் பக்கத்தவர்கள், ஊருக்குத் திரும்பியவர்களும் திரும்ப முடியாதவர்களும், தங்கள் காணிகளைப் பற்றிச் சொல்லட்டும். சில பங்குகளில் இன்னும் சாதி பார்த்து இருக்கை பிரிகிறது, திருவிழா உரிமை பிரிகிறது. அதையும் ஆராவது எழும்பி ஆயரின் முகத்துக்கு நேரே சொல்லட்டும். வந்த புதிதில் கேட்பவை மனதில் ஆழமாகப் பதியும்.

கத்தோலிக்கர் அல்லாத தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்களும் இதில் நம்மோடு சேர்ந்தவர்களே. 1947இல் குலேந்திரன் பேராயரோடு தொடங்கிய அவர்களுடைய யாழ்ப்பாண ஆதீனத்தில், பேராயரைத் தேர்வதில் சபையாருக்கும் பங்கு உண்டு. நமக்கு அந்த வாக்கு இல்லை. நமக்கு இருப்பது, வந்தவரிடம் சொல்லும் வாய்தான்.

எங்கள் ஒழுங்கை அம்மாவிடம் பிறகு ஒருநாள் போனேன். மகனின் பெயர், பிறந்த திகதி, காணாமற்போன நாள், போட்டிருந்த சேட்டின் நிறம், யார் யாரிடம் முறையிட்டார், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடையிடையே "அதை அப்பிடி எழுதாதை, நான் சொன்ன மாதிரி எழுது" என்று திருத்தினார். பங்குத்தந்தையிடம் ஒரு பிரதி கொடுத்தோம், ஆயர் இல்லத்துக்கு ஒரு பிரதி.

அடுத்த முறை விழாக்குழு கூடும்போது, பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு, சிறப்பு மலர் என்று செலவுப் பட்டியல் போடுவார்கள். பொன்னாடைக் காசில் பாதியை எடுத்து, விடைபெறும் ஆண்டகையோடு ஒரு வருடம் கிழமைக்கு ஒருநாள் போய் இருந்து பதிவு செய்ய ஒரு பிள்ளைக்குச் சம்பளமாகக் கொடுங்கள் என்று எழும்பிக் கேட்கப் போகிறேன். சிறப்பு மலரில் வாழ்த்துச் செய்திகளைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்கி, மிச்சப் பக்கங்களைப் பங்குகளுக்குக் கொடுங்கள் என்றும் கேட்பேன். ஒவ்வொரு பங்கும் தன் கதையைத் தானே எழுதி அனுப்பட்டும், திகதியோடும் பெயர்களோடும். வேறு பங்குகளில் இருந்தும் இதைக் கேட்க ஆட்கள் இருந்தால் நல்லது. ஒரு பங்கு கேட்டால் அது ஒருவரின் ஆசை. பல பங்குகள் கேட்டால் குழு நிகழ்ச்சி நிரலில் போட்டுத்தான் ஆக வேண்டும்.